பெரட்டுக்கு முந்திய மழை

கல்லுப்பாலத் தோட்டம், மேற்பிரிவு,
லுணுகலை.
08.09.2024

கஜேந்திரனுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை.

நாம் பேசி ஐந்து மாதமாகிறது. போனில் பேசினால் ஒன்று நான் ஏசுவேன், இல்லாவிட்டால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை இடையில் வைக்க முடியாது. நீ விட்டுப்போன பழைய லெப்டொப்பில் தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்து ஈமெயிலில் அனுப்புகிறேன். கவனமாகப் படி.

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் வெடிப்பு ஒரு சாண் அகலமாகிவிட்டது. வேறு கட்டடம் தருவதாகச் சொல்லி இரண்டு வருடம் போய்விட்டது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது என் கையில் விட்டுப் போவது இருபத்து மூன்று பிள்ளைகள். நடக்கத் தெரியாதவை மட்டும் ஒன்பது. நானும் ஆயா நிரஞ்சலாவும் இரண்டே பேர். ஒக்டோபர் மழையில், எந்த நேரத்தில் எல்லோரையும் மேலே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யார் சொல்வார்கள்? நீ செய்த மழை அளக்கும் பெட்டிதான் சொல்ல வேண்டும். அது கத்தினால் தாய்மார் மலையிலிருந்து ஓடி வந்து ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்க வேண்டும். அதுதானே நம் திட்டம்?

ஆனால் இப்போது அது கத்தினால் ஒருத்தியும் வரமாட்டாள். ஏப்ரலில் நீ அதை மாட்டி மூன்றாம் நாள், நல்ல வெயிலில், மூன்று மணிக்கு அலறியது. அத்தனை பேரும் கொழுந்துச் சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சின்னராசா கங்காணிக்குக் கால் பிசகியது. எல்லோர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "பெட்டியில ஒரு பிழையும் இல்ல, புள்ளைங்கதான் தட்டியிருக்கும்" என்றாய். பக்கத்தில் நின்றது தர்மிளா. மூன்றரை வயது. நீ கோபித்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய். குணமணி தன் மகளைத் தேயிலைக் குச்சியால் அடித்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

என் பிள்ளைகள் அதைத் தட்டவில்லை. ஏன் கத்தியது என்று தெரியாமல், கழற்றி வைத்திருக்கும் அதைத் திரும்ப மாட்டவும் மாட்டேன். பெட்டிக்கு நீ எழுதிய நிரலை நானே ஓட்டிப் பார்க்கப் போகிறேன். நீ கொப்பியில் எழுதி வைத்தபடி 'கார்கோ ரன்' என்று அடித்தேன். கார்கோ டொமல் என்று ஏதோ ஒன்று இந்த இடத்திலும் இல்லை, மேலேயும் இல்லை என்கிறது. எங்கே வைத்தாய் அதை?

சிவசக்தி


கொழும்பு 06.
09.09.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

எதுவும் தொலையவில்லை. நீங்கள் வெளியில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள். நிரல் இருக்கும் கோப்புறைக்குள் போய்த்தான் கார்கோவைக் கூப்பிட வேண்டும். முதலில் 'சிடி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 'மழை' என்ற கோப்புறையின் பெயரை அடியுங்கள். பிறகு 'கார்கோ ரன்', அதன் பின்னால் இரண்டு சிறு கோடு போட்டு 'ரிலீஸ்'. அந்தக் கடைசிச் சொல்லை மறக்க வேண்டாம்.

இது ரஸ்ட் என்ற மொழி. நாம் எழுதுவதை முதலில் கம்பைலர் முழுதாகப் படித்து, பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும். பிழை இருந்தால் மாற்றவே மாட்டேன் என்று நிற்கும். பயப்படாதீர்கள். அடித்தால் லெப்டொப் வெடிக்காது.

பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. மழைநீர் நிறைந்ததும் ஒரு பக்கம் சாயும். ஒரு சாய்வு 0.2 மில்லிமீற்றர் மழை. குலுக்கினால் மழை இல்லாமலும் சாயும். அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன். குணமணி அக்கா அடித்தது எனக்குத் தெரியாது.

கஜேந்திரன்


கல்லுப்பாலம்.
14.09.2024

தம்பி,

என்னடா இது, புதிதாக 'நீங்கள்'? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். கொழும்புக்காரனாகிவிட்டாயோ?

நிரல் ஓடியது! ஓடியதும் நான் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள் நாலு பேர் எழும்பிவிட்டார்கள். நிரஞ்சலா என்னைத் திட்டினாள்.

அதோடு விட்டேனா? நீ எழுதியதற்குள் கைவைத்துப் பார்த்தேன். பெட்டியின் சங்கு ஊதுவதற்கு முன் திரையில் 'மேற்பிரிவு' என்று பெயர் வரட்டும் என்று இரண்டு வரி சேர்த்தேன். கம்பைலர் சிவப்பு எழுத்தில் எழும்பிவிட்டது. அந்தப் பெயரை ஏற்கனவே வேறொரு இடத்துக்குக் கொடுத்துவிட்டாயாம், கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் பாவிக்க முடியாதாம். எந்த வரியில் கொடுத்தேன், எந்த வரியில் திரும்பக் கேட்டேன் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியது. கீழே 'உதவி' என்று போட்டு, இப்படிச் செய்து பார் என்று வேறு சொன்னது. கஜேந்திரா, சத்தியமாகச் சொல்கிறேன், நீயும் நானும் ஒருநாளும் ஒருவருக்கொருவர் இவ்வளவு பொறுமையாகப் பிழை சொன்னதில்லை.

அது சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது. பின்னேரம் ஒரு பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, கொப்பியில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன் என்றால், பிறகு அந்தப் பிள்ளை என் பொறுப்பில் இல்லை. ஆனால் பெயர் எனக்கு இரண்டு இடத்திலும் வேண்டுமே? அதற்கு என்ன செய்வது?

இன்னொரு கேள்வி. எழுபத்தைந்து மில்லிமீற்றர் வந்தால்தானே கத்தும்? ஒரு சாய்வு 0.2 என்கிறாய். கணக்குப் போட்டால் முந்நூற்றெழுபத்தைந்து சாய்வு. தர்மிளா நின்று முந்நூற்றெழுபத்தைந்து தடவை குலுக்கினாளா? அவளை ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வைக்க என்னாலேயே முடியாது.

சக்தி அக்கா


கொழும்பு 06.
15.09.2024

அக்கா,

முதல் கேள்விக்குப் பதில்: பெயரைக் கொடுக்காதே, பார்க்க மட்டும் கொடு. பெயருக்கு முன்னால் 'அன்ட்' அடையாளத்தைப் போட்டால் போதும். பார்த்துவிட்டு அது திருப்பித் தந்துவிடும். நீ செய்தது எல்லோரும் முதலில் செய்யும் பிழை. எனக்கு இது பிடிபட மூன்று கிழமை சென்றது. உனக்கு ஆறு நாள். சொல்லப் பொறாமையாக இருக்கிறது.

இரண்டாம் கேள்வி நியாயமானதுதான். அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முந்நூற்றெழுபத்தைந்துதான் வருகிறது. வயர் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கலாம். தெரியவில்லை.

லெப்டொப்பில் சோதனை செய்ய ஒரு வழி வைத்திருக்கிறேன். அதில் ஒரு நிமிடம் என்றால் ஒரு மணித்தியாலம். என்டர் விசையை ஒரு தடவை தட்டினால் ஒரு சாய்வு. நான் காலையில் தொடங்கி நூற்றுக்கணக்கில் தட்டிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. பெட்டியிலும் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நீயும் முயற்சி செய். 'ரிலீஸ்' போட மறக்காதே.

இருமல் எப்படி இருக்கிறது? ஏப்ரலில் கேட்க நினைத்தேன். அதற்குள் சண்டை வந்துவிட்டது.

கஜேந்திரன்


கல்லுப்பாலம்.
22.09.2024

தம்பி,

நான் எதையோ உடைத்துவிட்டேன் போலிருக்கிறது. முதலிலேயே மன்னித்துக்கொள்.

சும்மா கண்டபடி தட்ட எனக்கு மனம் வரவில்லை. பெட்டி அலறிய வியாழனையும் அதற்கு முதல்நாளையும் அப்படியே திரும்ப நடத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நான் பிள்ளைக் காம்பராக் கொப்பியில் எல்லாம் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் பதினேழு புதன்: 'இரண்டு மணிக்கு நல்ல மழை, மூன்றுக்கு விட்டது, காயப்போட்ட துணியெல்லாம் நனைந்தது.' ஆபிசில் மழைக் கொப்பியைப் பார்த்தேன். அன்றைக்கு எட்டு மில்லிமீற்றர். அப்படியென்றால் நாற்பது சாய்வு.

பிள்ளைகள் படுத்த பிறகு லெப்டொப்பைத் திறந்து, புதன்கிழமையை ஆறு மணியிலிருந்து தொடங்கினேன். மணி இரண்டாகும் வரை சும்மா இருந்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நாற்பது தட்டினேன். பிறகு ஒன்றும் தொடவில்லை. வியாழன் காலை ஆறு வந்தது, கணக்கு பூச்சியமானது. பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பெரட்டு முடிந்தது, எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு துளி மழையும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. மூன்று மணியானதும் நிரல் செத்துவிட்டது.

சங்கு ஊதவில்லை. அப்படியே நின்றுவிட்டது. திரையில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்: மெயின் 'பேனிக்' ஆகிவிட்டதாம். நாற்பத்தோராம் வரி. 'அட்டெம்ப்ட் டு சப்ட்ராக்ட் வித் ஓவர்ஃப்ளோ.' இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவையும் அதே இடம்.

பிறகுதான் பார்த்தேன், நீ சொன்ன அந்தக் கடைசிச் சொல்லை, 'ரிலீஸ்' என்பதை, நான் அடிக்கவே இல்லை. அதனால்தான் கெட்டுப்போனதா? ஏசாதே.

அக்கா


கொழும்பு 06.
26.09.2024

அக்கா,

நாலு நாள் ஏன் பதில் இல்லை என்று நினைத்திருப்பாய். உன் கடிதத்தைப் பஸ்ஸில் நின்றபடி போனில் படித்தேன். 'மூன்று மணி' என்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நீ எதையும் உடைக்கவில்லை. உடைந்துதான் இருந்தது.

மொத்தம் என்று ஓர் எண் வைத்திருக்கிறேன். மழை விழுந்தால் அது கூடும். ஒவ்வொரு மணிக்கும், நேற்று அதே மணியில் பெய்த மழை அதிலிருந்து கழியும். அப்போதுதான் கடைசி இருபத்து நாலு மணித்தியாலத்து மழை நிற்கும். அது சரி. ஆனால் காலை ஆறு மணிக்கு அதைப் பூச்சியமாக்கியும் வைத்தேன். ஆகவே வியாழன் மூன்று மணிக்கு, பூச்சியத்திலிருந்து புதன்கிழமையின் நாற்பதைக் கழிக்கப் போனது. நான் தேர்ந்தெடுத்த எண் வகையில் பூச்சியத்துக்குக் கீழே எதுவும் கிடையாது. 'ரிலீஸ்' போட்டால் அதைச் சோதிக்காமல் ஓடும், எண் பின்பக்கமாகச் சுற்றிப்போய் அறுபத்தையாயிரத்துக்கு மேல் நிற்கும். பதின்மூன்று மீற்றர் மழை பெய்துவிட்டதாக நினைத்து அந்த வெயிலில் அலறியிருக்கிறது. அந்தச் சொல்லைப் போடாவிட்டால், ஒவ்வொரு கழித்தலையும் பார்த்து, பிழையான இடத்தில் நின்றுவிடும். சிப்பில் இடம் குறைவு என்று நான் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை விட்டு ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட ஆறு மணியைத் தாண்டிச் சோதிக்கவும் இல்லை. எல்லாம் ஒரே பகலுக்குள்.

தர்மிளா தட்டவில்லை. யாரும் தட்டவில்லை. நான் கற்ற படிப்புக்கு ஒரு பிழை வந்தால் முதலில் என் நிரலைத்தான் சந்தேகப்பட வேண்டும். அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்தது, கையில் கிடைத்த சின்னப் பிள்ளையின் மேல் போட்டுவிட்டேன்.

திருத்துவது சுலபம். பூச்சியத்துக்குக் கீழே போகாமல் அங்கேயே நிற்கச் செய்யும் ஒரு கழித்தல் முறை இருக்கிறது. ஒரு சொல் மாற்றினால் போதும். இனிச் சும்மா அலறாது.

கஜேந்திரன்


கல்லுப்பாலம்.
29.09.2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் உன்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு அழுதேன். பிறகு யோசித்தேன்.

ஆறு மணிக்குப் பூச்சியமாக்கச் சொன்னது யார்? நீ முதலில் எழுதியதில் அது இல்லவே இல்லை. "பெரட்டுலதான்டா மழைக் கொப்பி எழுதுவாங்க, அந்நேரத்துக்குப் புதுசா ஆரம்பிக்கணும், இல்லாட்டி யாருக்கும் விளங்காது" என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். மாட்டுவதற்கு முதல்நாள் நீ முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தாய். பாதிப் பிழை என்னுடையது. அந்தப் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் சுலபத் திருத்தம் வேண்டாம். நன்றாக யோசித்துப் பார். இராத்திரி முழுக்க அறுபது மில்லிமீற்றர் பெய்கிறது. ஆறு மணிக்கு உன் பெட்டி பூச்சியம் என்கிறது. அந்த அறுபதும் எங்கே போனது? மண்மேட்டுக்குள்ளேதானே இருக்கும்? மனிதர்களுக்குப் பெரட்டு உண்டு, மண்ணுக்குப் பெரட்டு உண்டா? உன் கழித்தல் சும்மா அலறாமல் பார்த்துக்கொள்ளும், சரி. கத்த வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்குமே, அதற்கு என்ன பதில்?

இரண்டு கணக்கு வை. பெரட்டுக்குச் சொல்ல ஒன்று, அது ஆறு மணிக்குப் பூச்சியமாகட்டும். சங்கு ஊத இன்னொன்று, அதை ஆறு மணி தொடவே கூடாது. நாற்பதாம் வரிக்கு மேல் எழுதிப் பார்த்தேன், கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. இணைத்திருக்கிறேன். திருத்தித் தா.

அடுத்தது, இதுதான் எனக்கு முக்கியம். நீ வந்து பெரட்டுக் களத்தில் உன் வாயால் சொல்ல வேண்டும். கடிதம் அனுப்பி என்னை வாசிக்கச் சொல்லாதே, வாசிக்க மாட்டேன். நிரல் திருந்தினாலும் தாய்மார் ஓடி வராவிட்டால் அந்த ஒன்பது குழந்தைகளை நான் எந்தக் கையில் தூக்குவது? தர்மிளா இப்போது விளையாட்டுச் சாமானைக் கூடக் கேட்காமல் தொடுவதில்லை. "டீச்சர், நா தொடலாமா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அக்கா


கொழும்பு 06.
04.10.2024

அக்கா,

நீ எழுதிய ஏழு வரியில் ஒன்றைத்தான் மாற்றினேன், அதுவும் அழகுக்காக. இரண்டு கணக்கும் சரியாக ஓடுகின்றன. மூன்று நாள் மழையை, 'ரிலீஸ்' போட்டும் போடாமலும், ஆறு மணிகளைத் தாண்டித் தாண்டி ஓட்டிவிட்டேன்.

பெரட்டில் பேச எனக்குப் பயம். எஞ்சினியர் தம்பி என்று ஏப்ரலில் மாலை போடாத குறை. இப்போது அதே ஆட்கள் முன்னால் நிற்க வேண்டும். சின்னராசா கங்காணி என்ன கேட்பாரோ. ஆனாலும் வருகிறேன். பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை பெரட்டுக்கு வந்துவிடுவேன். பக்கத்தில் நில், போதும்.

கஜேந்திரன்


கல்லுப்பாலம்.
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ பெட்டியை மாட்டிவிட்டு மத்தியான பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். பிறகு நடந்ததைக் கேள்.

"புள்ளை தட்டல, நாந்தான் பிழையா எழுதிட்டேன்" என்று நீ சொன்னபோது எல்லோரும் சாக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள் அல்லவா? கோபம் என்று நினைத்திருப்பாய். பின்னேரம் கங்காணி என்னிடம் வந்தார். "படிச்ச பய பெரட்டுல நின்னு எம்மேலதான் தப்புன்னு சொல்லி நான் பாத்ததே இல்ல டீச்சர்" என்றார். உன்னிடமே சொல்லியிருக்கலாம்தானே என்றேன். "சொல்ல வாய் வரல" என்றார்.

குணமணி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவரு சொன்னாருன்னு நா ஏன் டீச்சர் அடிச்சேன்? எம்புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டனா?" என்று அழுதாள். தர்மிளா தாயின் கண்ணைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று இழுத்தாள். மறுநாள் காலை இரண்டு பேரையும் பெட்டியிடம் கூட்டிப்போனேன். பிள்ளையின் கையில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து ஊற்றச் சொன்னேன். டக் டக் என்று சாய்ந்தது. முதலில் தாயைப் பார்த்தாள். குணமணி தலையாட்டியதும் கோப்பை முழுவதையும் கவிழ்த்தாள். அன்றைக்குப் பெரட்டுக் கணக்கில் மூன்று மில்லிமீற்றர் பொய் மழை. கொப்பியில் எழுத வேண்டாம் என்று ஆபிசில் சொல்லிவைத்தேன்.

மழை பிடிக்கத் தொடங்கிவிட்டது. இதுவரை அதிகம் என்றால் நாற்பது. ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பார்க்கிறேன், மேட்டைப் பார்க்கிறேன். கத்தினால் வருவார்களா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அக்கா


லுணுகலை, பள்ளிக்கூட மண்டபம்.
28.11.2024

அன்புத் தம்பி,

கங்காணியின் மகனின் போனில் இருந்து எழுதுகிறேன். லெப்டொப் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் சுகம். முதலில் அதைப் படித்துக்கொள்.

திங்கள் பின்னேரம் பிடித்த மழை விடவில்லை. செவ்வாய் பெரட்டில் ஐம்பத்தெட்டு என்று கொப்பியில் எழுதினார்கள். காலையில் வானம் கொஞ்சம் வெளித்தது, மலைக்குப் போனார்கள். பிறகு திரும்பப் பிடித்தது. பத்து மணிக்கு நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், சங்கு ஊதியது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பெரட்டுக்குப் பிறகு பதினேழுதான். இரண்டும் சேர்ந்து எழுபத்தைந்து.

நிரஞ்சலா ஒரு குழந்தையை முதுகில் கட்டினாள். நான் இரண்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். தம்பி, அந்த நேரத்தை நான் உயிரோடு இருக்கும் வரை மறக்க மாட்டேன். முதலில் ஒருவரையும் காணோம். பிறகு மூடுபனிக்குள்ளிருந்து குணமணியின் சத்தம் வந்தது. "அடியே, ஓடியாங்கடி, புள்ளைங்கடி!" அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் வந்தார்கள். நிசமா பொய்யா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யார் பிள்ளை என்றும் பார்க்கவில்லை, கைக்குக் கிடைத்ததைத் தூக்கினார்கள். கங்காணி ஏப்ரலில் பிசகிய அந்தக் காலோடு இரண்டு தடவை ஏறி இறங்கினார். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பிள்ளையும் மண்டபத்துக்குள் வந்துவிட்டது.

பதினொன்று பத்துக்கு மேடு இறங்கியது. அடுப்படி, தொட்டில் கட்டும் அறை, எல்லாம் மண்ணுக்குள். சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றோம்.

பெட்டியும் மண்ணுக்குள்தான் போனது. ஆனால் பற்றரி இருந்ததால் ஊதிக்கொண்டே இருந்தது. அடியிலிருந்து மெல்லிசாகக் கேட்டது. மத்தியானம் கேட்டது, இரண்டு மணிக்கும் கேட்டது. மண்டபத்தில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலு மணி போல விட்டு விட்டு வந்து, நின்றுவிட்டது.

குணமணி மகளைத் தோளில் சாய்த்தபடி சொன்னாள்: "பாவங்க டீச்சர். கத்திக் கத்தித் தொண்ட அடச்சுப் போச்சு."

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அக்கா